பெரியப்பாவின் பொட்டலமும் ஈரலின் நூறு வருடக் கதையும்

போன மாதம் பிள்ளைச்சாவடிக்குப் போயிருந்தேன். பெரியப்பா வலைக்கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "அந்த ஈரல் மருந்து தீந்துபோச்சுப்பா, வர்றப்போ ரெண்டு அட்டை வாங்கியாந்துடு" என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து காலிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் காட்டினார். வைட்டமின் டி, 60,000 யூனிட். பாலில் கலக்கிக் குடிக்கிற தூள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வயிற்றை ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்திருக்கிறது. வாரம் ஒரு பொட்டலம், எட்டு வாரத்துக்கு என்று சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதோடு உடம்பைக் குறைக்க வேண்டும், குடியை நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பெரியப்பா எட்டு வாரத்தை ஏழு மாதமாக்கிவிட்டார். குடியை மட்டும் நிறுத்தவில்லை. "அதான் ஈரலுக்கு மருந்து துன்னுறமே" என்பது அவருடைய கணக்கு.

கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். "நாப்பது வருஷம் கடல்லயே காஞ்சவன் நான். எனக்கா வெயில் சத்து கொறைச்சல்?"

நான் உயிர்வேதியியல் படித்தவன்தான். ஆனாலும் இரண்டு கேள்விக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வைட்டமின் டி ஈரலுக்கு மருந்தா? கடலில் காய்ந்தவருக்கு ஏன் குறைந்தது? வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அதிலிருந்து கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை முழுக்க ஈரல்தான் வருகிறது. ஆனால் நூறு வருடத்தில் ஈரலின் வேடம் மூன்று முறை மாறியிருக்கிறது.

ஒன்று: ஈரல் ஒரு கிடங்கு

எங்கள் ஆயா வீட்டுப் பின்கட்டில் ஒரு மண்பானை இருக்கும். சுறா பட்டால் அதன் ஈரலைத் தனியாக எடுத்து அதில் போட்டுக் காய்ச்சுவார்கள். மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எடுத்துக் கட்டுமரத்துக்கும் படகுக்கும் பூசுவார்கள். மரம் உளுக்காது. பிள்ளைக்கு மாலைக்கண் என்றால் அதிலேயே நல்லதாக ஒரு கரண்டி எடுத்து வெல்லத்தோடு வாயில் ஊற்றுவார்கள். அந்த நாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பின்கட்டு இப்போது கடலுக்குள் இருக்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் இறுதியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்குப் பக்கம் மணல் வருவது நின்றுபோய், எங்கள் பக்கத்துக் கரையெல்லாம் அரித்துப் போனது. அது வேறு கதை.

மீன் ஈரல் எண்ணெயை மருந்தாகக் கொடுப்பது ஐரோப்பாவிலும் மீனவர் வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் எடின்பரோ மருத்துவர் ஜான் ஹ்யூஸ் பென்னட், காட் மீன் ஈரல் எண்ணெயைப் பற்றி 1841-இல் ஒரு நூலே எழுதினார். பாரிசில் த்ரூஸோ என்ற மருத்துவர், குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய்க்கு அந்த எண்ணெயையும் வெயிலையும் சேர்த்தே பரிந்துரைத்தார். எண்ணெயும் வெயிலும் எப்படி ஒரே நோயைத் தீர்க்கின்றன என்பதை அப்போது யாரும் விளக்கவில்லை.

1919-இல் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடந்தன. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை அறைக்குள்ளேயே வைத்து ஓட்ஸ் தானியத்தையே முக்கிய உணவாகக் கொடுத்து வளர்த்தார். எலும்பு வளைந்தது. காட் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் சரியானது. பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நோயுற்ற குழந்தைகளைப் புற ஊதாக்கதிர் விளக்கின் கீழே படுக்க வைத்தார். எண்ணெயே இல்லாமல் அவர்களுக்கும் எலும்பு சரியானது.

எண்ணெயில் இருக்கும் சத்து வைட்டமின் ஏ-தான் என்று மெல்லன்பி நினைத்தார். அது நியாயமான ஊகம்தான், அதுவரை அந்த எண்ணெயில் தெரிந்திருந்த சத்து அது ஒன்றுதான். 1922-இல் அமெரிக்காவில் மெக்காலம் குழு இதைச் சோதித்தது. எண்ணெயைச் சூடாக்கி அதற்குள் காற்றைச் செலுத்தினார்கள். வைட்டமின் ஏ அழிந்தது. அந்த எண்ணெயால் கண் நோயைக் குணப்படுத்த முடியவில்லை, எலும்பு நோயை மட்டும் குணப்படுத்த முடிந்தது. அப்படியானால் உள்ளே இன்னொரு பொருள் இருக்க வேண்டும். ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் இதற்கு டி என்று பெயர் வைத்தார்கள்.

அதே 1922-இல் இந்தியாவிலிருந்தும் ஒரு கட்டுரை போனது. நாசிக்கில் ஹட்சிசனும் ஷாவும் செய்த ஆய்வு. வசதியான வீட்டில், நல்ல சாப்பாட்டோடு, ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெண்களிடமும் பிள்ளைகளிடமும் ரிக்கெட்ஸைப் பார்த்தார்கள். வயலில் வேலை செய்கிற ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு மோசம்தான், ஆனாலும் அந்த நோய் இல்லை. வெயில் கொட்டுகிற நாட்டில் வாழ்வது வேறு, வெயில் உடம்பில் படுவது வேறு என்று நம் ஊரிலிருந்தே ஒரு சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் இரண்டாவது கேள்விக்கு இது உதவும்.

நம் கடற்கரை இந்தக் கதைக்குள் நேரடியாக வருவது இரண்டாம் உலகப் போரில். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த காட் ஈரல் எண்ணெய் நின்றுபோனது. அதற்கு மாற்றாகச் சென்னை மாகாண மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெயை மருந்தாகத் தயாரிக்க ஆரம்பித்தது. திருவிதாங்கூரும் பம்பாயும் பின்தொடர்ந்தன. படகுக்குப் பூசிய எண்ணெய் ஆஸ்பத்திரி அலமாரிக்குப் போனது. ஆனால் ஒரு வித்தியாசம். சுறா ஈரலில் வைட்டமின் ஏ ஏராளம், டி மட்டும் காட் எண்ணெயை விடக் குறைவு. ஆயா மாலைக்கண்ணுக்குக் கொடுத்தது அதனால்தான் பலித்தது. எலும்பு வளைந்த பிள்ளைக்கு அதே கரண்டி அவ்வளவு உதவியிருக்காது. 1947-இல் சுவிட்சர்லாந்தில் வைட்டமின் ஏ-வைத் தொழிற்சாலையிலேயே தயாரிக்க வழி கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு சுறா ஈரலுக்கு மதிப்புக் குறைந்தது.

இந்தக் காலம் முழுக்க ஈரல் என்றால் மீனின் ஈரல்தான். சத்து அடைந்து கிடக்கிற கிடங்கு. மனிதனின் ஈரலுக்கும் இந்த வைட்டமினுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி யாருக்கும் பெரிதாக எழவில்லை.

இரண்டு: ஈரல் ஒரு பட்டறை

1960-கள் வரை வைட்டமின் டி உடம்புக்குள் போய் அப்படியே வேலை செய்கிறது என்றுதான் நினைத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டிலூகா அதைச் சந்தேகப்பட்டார். உணவுப் பொருள்மேல் புற ஊதாக்கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி உண்டாகும் என்று 1924-இல் காட்டிய ஸ்டீன்பாக்கின் மாணவர் இவர். வைட்டமினைக் கொடுத்ததும் குடலில் கால்சியம் உறிஞ்சுவது உடனே கூடவில்லை, சில மணி நேரம் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் உடம்பு எதையோ செய்துகொண்டிருக்க வேண்டும்.

1968-இல் டிலூகா குழு அந்தப் பொருளைப் பிடித்தது. வைட்டமின் டி மூலக்கூறின் 25ஆவது கரியணுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு ஒட்டு. 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்று பெயர். அடுத்த வருடம் எலிகளின் ஈரலை அகற்றிவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒட்டு ஏறவில்லை. வேலை நடக்கிற இடம் ஈரல் என்பது உறுதியானது. 1970-இல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் இரண்டாவது ஒட்டு சிறுநீரகத்தில் ஏறுகிறது என்று காட்டினார்கள். அந்த இரண்டாவது ஒட்டு ஏறிய பிறகுதான் அது முழு வீரியமுள்ள ஹார்மோன் ஆகிறது.

பாடப்புத்தகத்தில் நாமெல்லாம் படித்தது இதுதான். தோலில் உருவாகும், ஈரலில் ஒரு படி, சிறுநீரகத்தில் ஒரு படி, பிறகு குடலுக்கும் எலும்புக்கும் போகும். ஈரல் இடையில் இருக்கிற ஒரு பட்டறை. சரக்கு வரும், ஒரு ஆணி அடிக்கப்படும், அடுத்த இடத்துக்குப் போகும். பட்டறைக்கே அந்தச் சரக்கால் ஏதாவது உபயோகம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான்.

கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. ஹார்மோன் ஒரு செல்லில் வேலை செய்ய வேண்டுமானால் அங்கே அதற்கான ஏற்பி இருக்க வேண்டும். பூட்டு இருந்தால்தானே சாவி திருகும்? 1969-இல் ஹாஸ்லரும் நார்மனும் கோழிக்குஞ்சின் குடலில் அந்த ஏற்பியின் தடத்தைக் கண்டார்கள். பிறகு எலும்பு, சிறுநீரகம் என்று பட்டியல் நீண்டது. ஈரலை முழுதாக அரைத்துப் பார்த்தபோது மட்டும் ஏற்பி இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவாக இருந்தது. ஆகவே ஈரல் தயாரிக்குமே தவிர அனுபவிக்காது என்று முடிவானது.

பிழை அரைத்ததில் இருந்தது. ஈரலின் கன அளவில் ஐந்தில் நாலு பங்கு ஹெபட்டோசைட் என்கிற பெரிய செல்கள். ஒரு கூடை காரப்பொடியில் நாலே நாலு இறா கிடந்தால், கூடையை மொத்தமாக அரைத்துப் பார்த்துவிட்டு "இதில் இறா இல்லை" என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றாகப் பொறுக்கினால்தான் தெரியும். 2003-இல் மாண்ட்ரியாலில் கஸ்கோன்-பாரே குழு அப்படிப் பொறுக்கியது. பெரிய செல்களில் ஏற்பி மிகக் குறைவு. ஆனால் அவற்றுக்கு நடுவே இருக்கிற சிறுபான்மைச் செல்களில் தெளிவாக இருந்தது: குஃப்பர் செல்கள், நட்சத்திர செல்கள், ரத்தக் கண்ணறைகளின் உட்சுவர் செல்கள், பித்தநாளத்துச் செல்கள்.

பட்டறை என்று நினைத்த இடத்திலேயே சரக்கை வாங்குபவர்களும் இருந்திருக்கிறார்கள்.

மூன்று: ஈரல் ஒரு காவல் சாவடி

இந்தச் சிறுபான்மைச் செல்கள் யார்?

ஈரலுக்கு வருகிற ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. சாப்பாட்டின் சத்தோடு கிருமிகளும் கிருமிகளின் உடைந்த துண்டுகளும் அதில் வரும். உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன் அங்கேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவை குஃப்பர் செல்கள். இவை கிருமியை விழுங்குகிற செல்கள், அதாவது மேக்ரோபேஜ். திசுக்களில் நிலையாகத் தங்கியிருக்கும் இந்த வகைச் செல்களில் பெரும்பங்கு ஈரலில்தான் இருக்கிறது.

நட்சத்திர செல்களின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1876-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் குஃப்பர் ஈரலைத் தங்க உப்பில் தோய்த்துப் பார்த்து நட்சத்திர வடிவச் செல்களை முதலில் வரைந்தார். பின்னாளில் அவரே அவற்றையும் விழுங்கும் செல்களையும் ஒன்றென்று குழப்பிவிட்டார். அந்தக் குழப்பம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1951-இல் ஜப்பானில் இதோ என்பவர் ஈரலில் கொழுப்பைச் சேமிக்கிற செல்களை விவரித்தார். அவையும் குஃப்பர் முதலில் கண்ட நட்சத்திர செல்களும் ஒன்றே, விழுங்கும் செல்கள் வேறு என்று 1971-இல் வாகே நிரூபித்தார். அதாவது இன்று குஃப்பர் பெயரைத் தாங்கி நிற்கிற செல்கள் அவர் முதலில் கண்டவையே அல்ல.

இந்த நட்சத்திர செல்கள் சேமிப்பது வைட்டமின் ஏ. ஆயாவின் பானையில் மிதந்த சுறா எண்ணெயின் சத்து, சாப்பிட்டவன் ஈரலில் போய்ச் சேர்கிற இடம் இதுதான். ஈரலுக்குத் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் (குடி, வைரஸ், கொழுப்பு எதுவானாலும்) இவை சேமித்த வைட்டமின் ஏ-வை இழந்து குணம் மாறிவிடும். நார் உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். அதுதான் ஈரலில் தழும்பேறுவது. முற்றினால் சிரோசிஸ்.

இனி வைட்டமின் டி இங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். நோய் எதிர்ப்புக்கும் இந்த வைட்டமினுக்கும் தொடர்பு உண்டு என்பது 1983 வாக்கில் தெரியவந்தது. வெள்ளை அணுக்களில் ஏற்பி இருப்பதை அந்த வருடம் காட்டினார்கள். சார்காய்டோசிஸ் நோயாளிகளின் நுரையீரல் மேக்ரோபேஜ்கள் சிறுநீரகத்தின் உதவியில்லாமல் தாங்களாகவே வீரிய ஹார்மோனைத் தயாரிக்கின்றன என்பதும் அதே வருடம் தெரிந்தது. 2006-இல் கலிஃபோர்னியாவில் மோட்லின் குழு அடுத்த படியைச் சொன்னது. காசநோய்க் கிருமியின் வாடை பட்டதும் மேக்ரோபேஜ் தன் வைட்டமின் டி ஏற்பியைக் கூட்டிக்கொள்கிறது, 25-ஹைட்ராக்சி வடிவத்தைத் தானே வீரியமாக்கிக்கொள்கிறது, அதைக் கொண்டு கதெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் செய்கிறது. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் செல்வராஜ் குழுவினர் தென்னிந்திய நோயாளிகளிடம் இந்த ஏற்பியின் மரபணு வேறுபாடுகளைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குச் சொன்ன அதே மையம்.

2009-இல் பாரிஸ் குழு ஒன்று பித்தநாளத்துச் செல்களிலும் இதே கதெலிசிடின் ஏற்பாடு இருப்பதைக் காட்டியது. குடலிலிருந்து பித்தநாளம் வழியாகக் கிருமி ஏறி வராமல் இருக்க அது ஒரு காவல்.

2013-இல் அமெரிக்காவின் சால்க் நிலையத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு நட்சத்திர செல்களைப் பார்த்தது. வைட்டமின் டி ஏற்பி, தழும்பு உண்டாக்கும் மரபணுக்கள் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, அவற்றைத் தூண்டவருகிற எஸ்மாட் என்ற புரதத்தை ஒதுக்கிவிடுகிறது. ஏற்பியே இல்லாமல் பிறந்த எலிகளுக்கு ஈரலில் தானாகத் தழும்பு வந்தது. சொரியாசிஸுக்குத் தடவுகிற கால்சிபோட்ரியால் என்ற மருந்து வைட்டமின் டி போன்றதுதான். அதைக் கொடுத்ததும் எலிகளின் ஈரலில் தழும்பு குறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கே பெரியப்பா பக்கம் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியது. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

2016-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு ஹெபட்டோசைட்டைப் பார்த்தது. நல்ல நிலையில் அதில் ஏற்பி குறைவு. கொழுப்பேறிய ஈரலில் அது கூடுகிறது. எலிகளிடமிருந்து அந்த ஏற்பியை நீக்கிவிட்டுக் கொழுப்புத் தீனி போட்டார்கள். ஈரலில் கொழுப்பு சேர்வது குறைந்தது! அதாவது அந்தச் செல்லில் ஏற்பி கொழுப்பைச் சேர்க்க உதவியிருக்கிறது. 2020-இல் ஹூஸ்டன் குழு ஈரலின் மேக்ரோபேஜில் அதே ஏற்பியைத் தூண்டியபோது வீக்கமும் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் குறைந்தன.

ஒரே உறுப்பு, ஒரே ஏற்பி. ஒரு செல்லில் தணிக்கிறது, பக்கத்துச் செல்லில் கொழுப்பைச் சேர்க்கிறது. வாயில் போட்ட பொட்டலம் இரண்டு செல்லுக்கும்தான் போகும். இந்தச் செல்லுக்கு மட்டும் போ என்று அதற்குச் சொல்ல முடியாது.

பெரியப்பாவின் இரண்டு கேள்விகள்

முதலில், வெயிலில் காய்ந்தவருக்கு ஏன் குறைவு? அவர் கடலுக்குப் போனது விடியற்காலை மூன்று மணிக்கு. கரை திரும்புவது எட்டு, ஒன்பது மணிக்கு. தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்குகிற புற ஊதா பி கதிர், சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் போதுமான அளவு தரைக்கு வருகிறது. காலை வெயில் கண்ணைக் கூசும், ஆனால் அந்தக் கதிர் அதில் குறைவு. நம் கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை. போதாததற்கு அவர் கடலுக்குப் போவதை விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது பகலெல்லாம் கொட்டகை நிழல்தான். திருப்பதியில் ஹரிநாராயண் குழு செய்த ஆய்வுகளில் வயலில் உழைக்கிற கிராமத்து மக்களுக்கு நகரத்தாரைவிட அளவு கூடுதலாக இருந்தது, ஆனாலும் பலருக்கு அது போதுமானதாக இல்லை. நாசிக்கில் 1922-இல் தெரிந்ததுதான் இது.

இன்னொரு காரணம் ஈரலே. ரத்தப் பரிசோதனையில் அளப்பது 25-ஹைட்ராக்சி வடிவத்தை. அதைச் செய்வது ஈரல். அதை ரத்தத்தில் சுமந்து போகிற புரதத்தைச் செய்வதும் ஈரல். ஈரல் நன்றாகக் கெட்டால் இரண்டும் குறையும். உடம்பில் கொழுப்பு கூடினால் வைட்டமின் டி அதில் போய்த் தேங்கி, ரத்தத்தில் அளவு இறங்கும். ஆகவே ஈரல் நோயாளிக்கு இந்த எண் குறைவாக இருக்கிறது என்பதிலிருந்து, இது குறைந்ததால்தான் ஈரல் கெட்டது என்று சொல்ல முடியாது. பல நேரம் எண் இறங்கியது நோயின் விளைவு. வீட்டில் புகை வருகிறதென்றால் புகையை மட்டும் விசிறிக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, இது ஈரலுக்கு மருந்தா? கொழுப்பு ஈரலுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த மனித ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒன்று பலன் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. பக்கத்துத் துறைகளில் பெரிய ஆய்வுகள் நடந்தன. 2019-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் பாதிப்பேருக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்தார்கள். நோய் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. 2020-இல் மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் டி காசநோய்த் தொற்றைத் தடுக்கவில்லை. சோதனைக்கூடத்தில் மேக்ரோபேஜ் செய்துகாட்டியது அவ்வளவு அழகான கதை. ஆனாலும் பிள்ளைகளிடம் அது பலிக்கவில்லை.

ஆய்வு பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஏற்பி இருப்பது நிஜம், அது வேலை செய்வதும் நிஜம். ஆனால் ஒரு பூட்டு இருக்கிறது என்பதால் சாவியைக் கூடை கூடையாகக் கொட்டினால் கதவு கூடுதலாகத் திறக்காது. குறை இருந்தால் நிரப்ப வேண்டும், எலும்புக்கும் தசைக்கும் அது அவசியம். மருத்துவர் எழுதிய எட்டு வாரம் அதற்குத்தான். அதைத் தாண்டி மாதக்கணக்காக இந்த அளவில் போட்டுக்கொண்டே போனால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், சிறுநீரகமே கெடுவது வரை போகலாம். தண்ணீரில் கரைகிற வைட்டமின் மாதிரி மிஞ்சியது சிறுநீரில் சுலபமாக வெளியேறிவிடாது. கொழுப்பில் தங்கும்.

போன வாரம் அவரை அழைத்துப்போய்க் கால்சியமும் கிரியாட்டினினும் பார்த்தோம். நல்லவேளை, இரண்டும் இயல்பு எல்லைக்குள் இருந்தன. மருத்துவர் பொட்டலத்தை நிறுத்தச் சொன்னார். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், மேலே எழுதியதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். சுறா எண்ணெய், எலி, நட்சத்திர செல் எல்லாம் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார்.

"அப்போ அந்தத் தூளு ஈரலுக்கு இல்லையா?"

"எலும்புக்கு, பெரியப்பா. ஈரலுக்கு மருந்து சீட்டுலயே எழுதியிருந்துச்சு. உடம்பைக் குறைக்கணும், நடக்கணும், குடிக்கக் கூடாது."

"அது மருந்துக்கடைல கெடைக்காதே" என்றார்.

காலாப்பட்டு தாண்டும்வரை அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், கல் கொட்டியிருக்கிற கரையோரமாக மெதுவாக நடக்க ஆரம்பித்தார். மணி பதினொன்றரை. நல்ல வெயில். நானும் கூட நடந்தேன்.